பழைய ரேடியோப் பெட்டியின் மேல்மரம்: அசல் எது, மாற்றியது எது?

கடந்த சில வருஷங்களாக நம் கடைவீதிகளில் ஒரு புது வகை ஆட்கள் வந்து போகிறார்கள். அரிசி, பருப்பு வாங்க வருகிறவர்கள் அல்ல. “அண்ணாச்சி, மச்சில பழைய வால்வு ரேடியோ ஏதும் கிடக்கா?” என்று விசாரிக்கிறார்கள். கிடக்கிறது என்று சொன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விடுகிறார்கள். பெட்டியை இறக்கித் தூசி தட்டிக் காட்டியதும் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, “கட்டை மரம்னு நெனச்சேன், இது ஒட்டுப்பலகையில்லா அண்ணாச்சி!” என்று உதட்டைப் பிதுக்குவார்கள். நாமும், நம் தகப்பனார் காலத்து ரேடியோ ஏதோ மட்டச் சரக்கு போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, அவர் சொன்ன விலைக்குத் தூக்கிக் கொடுத்து விடுகிறோம். அதே ஒட்டுப்பலகை வெளியூர் போனதும் ‘ஒரிஜினல் வெனீர்’ என்று பெயர் மாறி விலை ஏறி விடுகிறது.

இதற்கு நேர் எதிரான வியாபாரமும் நடக்கிறது. உளுத்துப் போன பெட்டியின் மேல் புதுத் தேக்கு பிளைவுட்டை ஒட்டி, பளபளவென்று பாலிஷ் போட்டு, ‘அசல் அந்தக் காலத்துப் பெட்டி’ என்று சொல்லி விற்கிறார்கள். வீட்டு முகப்பில் வைக்க ஆசைப்பட்டு வாங்குகிற நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். இரண்டு பக்கமும் நஷ்டம் நமக்குத்தான். பருப்பில் கல்லையும் வத்தலில் காம்பையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்கிற நம்மவர்களுக்கு இந்தச் சரக்கை மட்டும் தரம் பார்க்கத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த மட்டில், என் சிநேகிதரான ஒரு தச்சு ஆசாரியோடு சேர்ந்து பத்திருபது பெட்டிகளைத் திறந்து பார்த்த பழக்கத்தில், இதை எழுதுகிறேன்.

நம் கடற்கரையில் இவ்வளவு பெட்டிகள் ஏன்?

திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. திருநெல்வேலி நிலையம் வந்தது 1963-இல்தான். அதற்கு முன் தூத்துக்குடிக்காரர்களுக்குத் தெளிவாகக் கேட்டது கொழும்புதான். மத்திய அலை கடல்நீரின் மேல் அதிகம் தேயாமல் வரும். தரையின் மேல் வரும்போதுதான் பலம் குறையும். நமக்கும் கொழும்புக்கும் நடுவே கிடப்பது மன்னார் வளைகுடாவின் உப்புத் தண்ணீர். ஆகவே சிலோன் ரேடியோ அடுத்த தெருவில் பேசுவது போல் கேட்டது. 1967-இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனபிறகும் நமக்கு அது சிலோன் ரேடியோதான். மயில்வாகனன் குரலையும், பிறகு கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரல்களையும் கேட்பதற்காகவே கடைக்கு வந்து பீடி பற்றவைத்துக் கொண்டு நின்றவர்கள் உண்டு. ரேடியோ இருந்த கடையில் கூட்டம் இருந்தது. கூட்டம் இருந்த கடையில் வியாபாரம் இருந்தது. மளிகைக்கடை, சாயாக்கடை, வத்தல் மண்டி, தோணி ஏஜெண்டு ஆபீஸ் என்று எங்கும் ஒரு மர்ஃபியோ பிலிப்ஸோ புஷ்ஷோ ஜி.இ.சி.யோ அலமாரிக்கு மேல் உட்கார்ந்திருந்ததற்கு அதுதான் காரணம். தபாலாபீசில் வருஷாவருஷம் லைசென்ஸ் பணம் கட்டி வைத்திருந்த பெட்டிகள் அவை. அந்த லைசென்ஸ் முறை 1980-களின் நடுவில் எடுக்கப்பட்டது. பழைய லைசென்ஸ் புத்தகம் எங்காவது கிடந்தால் எறிந்து விடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஒட்டுப்பலகை மட்டச் சரக்கு அல்ல

முதலில் ஒரு தப்பெண்ணத்தைப் போக்க வேண்டும். கட்டை மரத்தில் செய்தது உசத்தி, ஒட்டியது தாழ்த்தி என்று நம் ஊரில் நினைக்கிறோம். கட்டில், கதவு, நிலை விஷயத்தில் அது சரி. ரேடியோப் பெட்டி விஷயத்தில் சரியல்ல. கம்பெனியில் செய்த நல்ல ரேடியோப் பெட்டிகளில் பெரும்பாலானவை பிளைவுட்டின் மேல் மெல்லிய அசல் மரத்தகடு ஒட்டியவையே. அந்தத் தகடுதான் வெனீர்.

காரணம் உண்டு. பெட்டிக்குள் வால்வுகள் மணிக்கணக்கில் சுடும். வெளியே குளிர், மழை, கடற்காற்று. ஒரே பலகையாக இருந்தால் வளையும், வெடிக்கும். குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட் அசையாது. அதை அச்சில் வைத்து வளைத்து உருண்டையான மூலைகளும் செய்யலாம். அதன் மேல் அழகுக்கு உயர்ந்த மரத்தகடு. அந்தத் தகட்டுக்கு எடுத்த மரம் சாதாரண மரம் அல்ல. இங்கிலாந்துப் பெட்டிகளில் அதிகம் காண்பது வால்நட். நாம் தீபாவளிக்குப் பொட்டலம் போட்டு விற்கிற அக்ரோட் பருப்பு காய்க்கிற அதே மரம்தான். அந்த மரத்தின் அடியில் கழலை போலப் புடைத்திருக்கும் பாகத்தைச் சீவினால் மேகம் சுருண்டது போன்ற கோலம் வரும். அந்தப் பாகத்தில் பலகை அறுக்க முடியாது, நொறுங்கி விடும். தகடாகச் சீவி ஒட்டினால்தான் உபயோகம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் சீவுகிறபோது ஓர் அங்குல மரத்திலிருந்து முப்பது நாற்பது தகடுகள் வரை கிடைக்கும். அடுத்தடுத்த இரண்டு தகடுகளைப் புத்தகம் விரித்தாற்போல் பக்கத்தில் பக்கம் வைத்து ஒட்டினால் இடதும் வலதும் கண்ணாடியில் பார்த்தது போல் இருக்கும். நல்ல பெட்டியின் முகப்பில் இதைக் காணலாம். 1930-களில் இங்கிலாந்து மர்ஃபி கம்பெனிக்குப் பெட்டி வடிவமைத்தவர் ஆர்.டி. ரஸ்ஸல் என்பவர். பெயர்பெற்ற மரச்சாமான் வடிவமைப்பாளர் கோர்டன் ரஸ்ஸலின் தம்பி. அப்படிப்பட்ட கைகள் வேலை செய்த தொழில் இது.

முத்து வியாபாரம் தெரிந்த ஊருக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். நம் கடலில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதற்குப் பிறகு, 1973-இல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் நம் வேப்பலோடையில் சிப்பிக்குள் ஒரு மணியை வைத்து, அதன் மேல் சிப்பி தானே பூசுகிற பூச்சால் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். உள்ளே மணி, மேலே மெல்லிய அசல் முத்துப்பூச்சு. அதைப் போலி என்று யாரும் சொல்வதில்லை. வளர்ப்பு முத்து என்று சொல்லி விற்றால் நியாயம். ஆணி முத்து என்று சொல்லி விற்றால் மோசடி. ரேடியோ வெனீரும் அப்படியே. கம்பெனி ஒட்டியதா, பிற்பாடு யாரோ ஒட்டியதா என்பதுதான் கேள்வி.

பெட்டியைத் திருப்புங்கள்

மூட்டையின் வாயைப் பார்த்து யாரும் கொள்முதல் செய்வதில்லை. குத்தூசி போட்டு நடுவிலிருந்து சரக்கை எடுத்துப் பார்க்கிறோம். ரேடியோவுக்கும் குத்தூசி பின்பக்கத்தில்தான்.

பார்ப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. கரண்டுப் பிளக்கைச் சுவரில் மாட்டாதீர்கள். “ஓடுதான்னு பாப்போம்” என்று மாட்டுகிறவர்கள்தான் அதிகம். ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும்படி செய்த பெட்டிகளில் உள்ளே இருக்கிற இரும்புச் சட்டத்திலேயே கரண்டு நிற்கும். பழைய கண்டென்சர்கள் புகைந்து பெட்டியையே கருக்கி விடும். சிலவற்றில் சூட்டுக்குத் தடுப்பாக ஆஸ்பெஸ்டாஸ் தாள் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டவும் கூடாது.

பின்மூடியைக் கழற்றியதும் பெட்டியின் பின் விளிம்பைப் பாருங்கள். அங்கேதான் பலகையின் குறுக்குவெட்டு தெரியும். உள்ளே இரண்டு மூன்று கனமான அடுக்குகள், மேலே மயிரிழை போல ஓர் அடுக்கு. அந்த மேலடுக்கு எவ்வளவு பழுப்பேறி இருக்கிறதோ, அவ்வளவு உள்ளடுக்குகளும் பழுப்பேறி இருக்க வேண்டும். உள்ளே புகையிலை நிறம், மேலே புதுச் சந்தன நிறம் என்றால் சந்தேகப்படுங்கள். மேலடுக்குக்குக் கீழே இன்னொரு மெல்லிய அடுக்கு, இரண்டுக்கும் நடுவே பழைய பாலிஷின் கருப்புக் கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அசல் வெனீர் அடியில் கிடக்கிறது, மேலே இருப்பது புதுசு.

அடுத்து, டயல் கண்ணாடியைச் சுற்றிய சட்டம், ஸ்பீக்கர் துணி, அடிக்கால்கள். கம்பெனியில் பெட்டிக்கு வெனீர் ஒட்டி, பாலிஷ் செய்து முடித்த பிறகே இவற்றைப் பொருத்துவார்கள். ஆகவே அசல் வெனீர் சட்டத்துக்கு அடியிலும் துணிக்குப் பின்னும் தொடர்ந்து போகும். சட்டத்தைக் கழற்றாமலே புதிதாக ஒட்டினவர் அதன் ஓரத்தோடு வெட்டி நிறுத்தியிருப்பார். ஓரத்தில் கத்திக் கீறல் இருக்கும், சில இடங்களில் மயிரளவு இடைவெளி இருக்கும். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும்.

பிறகு குமிழ்களைப் பாருங்கள். என் அனுபவத்தில் இதுதான் சுலபமான சோதனை. குமிழைக் கழற்றினால் அதன் அடியில் வட்டமாக வேறு நிறம் தெரிய வேண்டும். நாற்பது ஐம்பது வருஷம் வெளிச்சம் படாத இடம் அது. வால்நட் வெளிச்சத்தில் வெளுக்கும் மரம், ஆகவே குமிழுக்கு அடியில் கருமை கூடியிருக்கும். அந்த வட்டமே இல்லை, துளை வரைக்கும் ஒரே நிறம் என்றால், யாரோ குமிழைக் கழற்றிவிட்டுச் சமீபத்தில் உப்புத்தாள் தேய்த்து மறுபாலிஷ் செய்திருக்கிறார்கள். வெனீரே புதுசாகவும் இருக்கலாம்.

குமிழ் உட்காரும் தண்டின் நீளமும் பேசும். சென்ற வருஷம் எனக்கு வேண்டிய ஒரு எண்ணெய் மண்டிக்காரர் மகன் வெளியூரிலிருந்து ஒரு பெரிய பெட்டியை நல்ல விலை கொடுத்து வாங்கி வந்தார். தேக்குக் கோலம் பிரமாதம். குமிழ் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது, அடிக்கடி கையோடு வந்தது. பையன் ஒரு டியூப் பசை வாங்கி ஒட்டலாமா என்று யோசித்துக் கொண்டிருந்தார். ஆசாரி ஒரு தடவை பார்த்துவிட்டு, “தம்பி, தண்டு குட்டையாகல, பலகை தடிச்சிருக்கு” என்றார். அளந்து பார்த்தோம். முகப்பின் மேல் 4 மில்லிமீட்டர் தேக்கு பிளைவுட் முழுசாக ஒட்டியிருந்தது. அந்த 4 மில்லிமீட்டர் தண்டை விழுங்கிவிட்டது. டயல் சட்டமும் குழிக்குள் கிடந்தது போல் இருந்தது. விற்றவர் முதலில் ‘இல்லவே இல்லை’ என்றார், பிறகு போனை எடுக்கவில்லை.

வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடியுங்கள்

சன்மைகாவையும் அச்சடித்த தாளையும் கண்டுபிடிக்க ஒரு டார்ச் போதும். இருட்டில் வைத்து, டார்ச்சைப் பெட்டிக்குச் சாய்வாகப் பிடித்து மெல்ல இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். அசல் மரமானால் கருமையாக இருந்த கோடு வெளுக்கும், வெளுத்தது கறுக்கும். பட்டுச் சேலையை அசைத்தாற்போல் கோலம் நகரும். அச்சடித்ததில் எந்தப் பக்கம் விளக்குப் பிடித்தாலும் கருப்பு கருப்பாகவே, வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் மரத்தின் நுண்துளைகளும் ஊசி கீறியது போலத் தெரியும். இன்னொன்று, ஒரே முடிச்சு, ஒரே சுழி அச்சுப் பிசகாமல் இரண்டு மூன்று இடங்களில் திரும்ப வந்தால் அது மரம் அல்ல. புத்தகம் விரித்தாற்போல் ஒட்டிய அசல் தகடுகள்கூட அண்ணன் தம்பி போல இருக்குமே தவிர ஒரே ஆளாக இருக்காது.

இங்கே ஒரு விதிவிலக்கு. 1930-களின் கடைசியிலிருந்து ஃபில்கோ போன்ற சில அமெரிக்கக் கம்பெனிகளே விலை குறைந்த மரத்தின் மேல் உயர்ந்த மரத்தின் கோலத்தை அச்சடித்து, அதன் மேல் பாலிஷ் போட்டு விற்றன. பெட்டியின் முகப்பு அசல் வெனீர், தூண்களிலும் ஓரங்களிலும் மட்டும் அச்சு என்றும் வரும். இன்னும் பல கம்பெனிகள் அடிப்பட்டை, மூலைப்பட்டைகளுக்குச் சாதாரண மரத்தைப் போட்டு அடர்த்தியான பழுப்பு லாக்கர் அடித்து மறைத்தன. இவையெல்லாம் கம்பெனி வேலையே. ‘மரம் முழுசும் ஒரே நிறமாக இல்லை’ என்று அந்தக் கருப்புப் பட்டையைச் சுரண்டி, அடியிலிருக்கிற வெளிறிய மரத்தை வெளியே கொண்டுவந்து பெட்டியைக் கெடுத்தவர்கள் பலர். அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டு வருவது பெரும்பாடு.

கல்லாப்பெட்டி நீல விளக்கு

கள்ள நோட்டுப் பார்க்க நம்மில் பலரும் கல்லாவில் ஒரு நீல விளக்கு வைத்திருக்கிறோம். அதையே பழைய பாலிஷ் பார்க்கவும் உபயோகிக்கலாம். அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசிய பழைய ஸ்பிரிட் பாலிஷ் அந்த விளக்கில் ஆரஞ்சு நிறமாக ஒளிரும். ரேடியோக் கம்பெனிகள் அதிகம் உபயோகித்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மங்கலான மஞ்சள் பச்சையாகத் தெரியும். நிறத்தின் பெயரைவிட, பெட்டி முழுவதும் ஒரே மாதிரி ஒளிர்கிறதா என்பதே முக்கியம். ஒரு மூலை மட்டும் திட்டாகக் கறுத்தோ வேறு நிறமாகவோ தெரிந்தால் அங்கே பிற்காலத்துக் கை பட்டிருக்கிறது. உள்ளே ஒட்டியிருக்கும் மாடல் சீட்டையும் அதில் காட்டுங்கள். இக்காலத்து வெள்ளைக் காகிதம் பளீரென்று நீலமாக மின்னும். 1930-களின் சீட்டு என்று சொல்லப்படுவது அப்படி மின்னினால் அது நேற்று அச்சடித்தது.

விளக்கு இல்லாதவர்கள் பின் விளிம்பில் ஒரு மிளகு அளவு இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பார்க்கலாம். அரக்கானால் பிசுபிசுக்கும். லாக்கரானால் ஸ்பிரிட்டுக்கு அவ்வளவாக அசையாது, தின்னருக்குக் கரையும். இரண்டுக்கும் மசியாமல் கண்ணாடி போல் நின்றால் பெரும்பாலும் இக்காலத்து பி.யூ. பூச்சு. ஆனால் 1950-களின் கடைசியிலிருந்து வந்த சில ஜெர்மன் பெட்டிகளில் அந்தக் காலத்திலேயே கனமான கண்ணாடிப் பளபளப்பு உண்டு. தந்த நிறக் குமிழும் தங்க நிறப் பட்டையும் பச்சைக் கண்ணும் உள்ள பெட்டியானால் அவசரப்பட்டுப் புதுசு என்று தீர்த்து விடாதீர்கள். முகப்பில் இந்தச் சோதனையைச் செய்யவே செய்யாதீர்கள். விலை அங்கேயே போய்விடும்.

பசையும் ஓரளவு சாட்சி சொல்லும். வெனீர் தூக்கிய இடத்தில் தேன் நிறத்தில், கண்ணாடிச் சில்லுப் போல் உடைகிற பசை இருந்தால் அது வச்சிரம். ஆசாரிமார் காய்ச்சி ஊற்றிய பழைய பசை. ரப்பர் போல் இழுபட்டால் பிற்காலத்து வெள்ளைப் பசை. ஃபெவிகால் சந்தைக்கு வந்ததே 1959-இல்தான். ஆனால் வச்சிரம் இல்லை என்பதால் மட்டும் அசல் இல்லை என்று சொல்லக் கூடாது. பெரிய கம்பெனிகளில் செயற்கைப் பிசின் வைத்து அழுத்தி ஒட்டும் முறை அந்தக் காலத்திலேயே இருந்தது.

உள்ளூர்ப் பெட்டிகள்

கம்பெனிப் பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு உள்ளூர் மெக்கானிக்குகள் சாமான்களை வாங்கி ரேடியோ கட்டிக் கொடுத்தார்கள். அவற்றுக்குப் பெட்டி செய்தது உள்ளூர்த் தச்சர்கள். தேக்குப் பலகையிலோ கிடைத்த மரத்திலோ இழைத்து, மூலையை அறுத்துக் கோர்த்து, ஸ்பிரிட் பாலிஷ் போட்டிருப்பார்கள். சிலவற்றில் அப்போதே சன்மைகாவும் ரெக்சினும் ஒட்டினார்கள். இவை கட்டை மரப் பெட்டிகள். கோலம் மேல்பக்கத்திலிருந்து ஓரத்தில் மடங்கி இறங்கும், முனையில் மரத்தின் வளையங்கள் தெரியும். தரகர்கள் இவற்றைத்தான் ‘அசல் கட்டை மரம்’ என்று புகழ்ந்து, உள்ளே ஒரு மர்ஃபி சேஸிஸைப் போட்டு, முகப்பில் ஒரு மர்ஃபி பட்டயத்தையும் அறைந்து விற்கிறார்கள். மரம் உசத்தி, மர்ஃபி அல்ல. சேஸிஸ் போல்ட்டுக்கு இரண்டு ஜோடித் துளைகள் இருப்பதும், டயல் சட்டத்தைச் சுற்றி அரம் போட்ட தடம் இருப்பதும் இதைக் காட்டிக் கொடுக்கும். உள்ளூர்ப் பெட்டியை உள்ளூர்ப் பெட்டி என்றே விற்பதில் ஒரு குறைவும் இல்லை. எனக்கென்னவோ அவற்றின் மேல்தான் ஆசை அதிகம். அவற்றைச் செய்த கைகளின் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை.

கடற்காற்றும் கரையானும்

நம் ஊரில் அசல் வெனீரின் முதல் சத்துரு ஈரம். ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறி, ஆனி ஆடி மேல்காற்றில் காய்ந்து, ஓரத்தில் செதிள் போல் எழும்பும், நடுவில் கொப்புளம் விடும். கொப்புளத்தை விரலால் தட்டினால் அப்பளத்தைத் தட்டியது போல் சத்தம் வரும். பயந்து உரித்து எறிய வேண்டாம். கீழே இருப்பது வச்சிரமானால், மேலே துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தி, ஆறும் வரை பாரம் ஏற்றி வைத்தால் பல சமயம் திரும்ப ஒட்டிக்கொள்ளும். பாலிஷ் பாழாகாமல் செய்யத் தெரிந்த கையிடம் கொடுப்பது நல்லது. தூக்கிய இடத்தில் சின்னக் கொப்புளம் இருப்பதே அசல் என்பதற்கு ஒரு சாட்சி என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியும். அவர்கள் அதற்காக விலையை அதிகம் குறைப்பதில்லை.

கரையான் வேறு மாதிரி. பாலிஷ் பட்ட தகட்டை விட்டுவிட்டு உள்ளே பிளைவுட்டைத் தின்றுவிடும். வெளியே மாப்பிள்ளை போல் இருக்கும், தூக்கினால் கையோடு வரும். வாங்கும்போது அடிப்பலகையைக் கட்டை விரலால் நன்றாக அமுக்கிப் பாருங்கள்.

உப்புக் கிட்டங்கியிலும் மிளகாய் வத்தல் மூட்டைக்குப் பக்கத்திலும் பெட்டியை வைக்காதீர்கள். தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பதும் வேண்டாம். அப்போதைக்கு மின்னும், பிறகு தூசியைப் பிடித்துக் கருத்துப்போகும், ஒட்டு வேலையும் பிடிக்காது. உலர்ந்த பழைய வேட்டித் துணி போதும்.

விற்கும்போதும் வாங்கும்போதும்

எங்கள் பக்கத்தில் கணவரை இழந்து தனியாகப் பலசரக்குக் கடை நடத்துகிற ஓர் அம்மா இருக்கிறார்கள். கடை அட்வான்ஸுக்குப் பணம் தேவைப்பட்டு, அவர்கள் வீட்டுக்காரர் வைத்திருந்த மர்ஃபியை விற்கப் பார்த்தார்கள். வந்த தரகர் ‘ஒட்டுப்பலகை, பெயர்ந்து வேறு கிடக்கிறது’ என்று 1,200 ரூபாய் சொல்லி, சாயங்காலம் ஆட்டோவோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் அந்த அம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். ஆசாரியும் நானும் போய்ப் பின்மூடியைக் கழற்றினோம். விளிம்பின் அடுக்குகள் ஒரே பழுப்பு. குமிழுக்கு அடியில் வட்டம். சட்டத்துக்கு அடியில் வெனீர் தொடர்ந்து ஓடுகிறது. பெயர்ந்திருந்தது ஒரு மூலை, ஒரு விரல்கடை நீளம். அலமாரியில் தேடியதில் லைசென்ஸ் புத்தகமும் கிடைத்தது. இன்ன வருஷம் முதல் இந்த ரேடியோ இந்தக் கடையில் இருந்தது என்பதற்குத் தபாலாபீஸ் முத்திரையே அத்தாட்சி. “இன்னைக்குக் கொடுக்காதீங்க அக்கா, பத்து நாள் பொறுங்க” என்று சொல்லிவிட்டு வந்தோம். மதுரையிலிருந்து ஒருவர் வந்து 9,000 ரூபாய்க்கு எடுத்துப் போனார். அவரும் பின்மூடியைத்தான் முதலில் கழற்றினார்.

‘ஆன்ட்டிக்’ என்ற வார்த்தையைக் கேட்டு மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி பொதுவாக நூறு வருஷம் ஆன பொருளே தொல்பொருள். 1940, 50-களின் ரேடியோ அந்தக் கணக்கில் வராது. பழைய சாமான், அவ்வளவுதான். பழைய சாமான் வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் ஜி.எஸ்.டி. கட்டும் வழி உண்டு. வாங்கும்போது உள்ளீட்டு வரி எடுத்திருக்கக் கூடாது, பொருளின் தன்மை மாறும்படி வேலை செய்திருக்கவும் கூடாது. உங்கள் கணக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பில்லில் வெறுமனே ‘பழைய ரேடியோ 1’ என்று எழுதாமல், பெயர், மாடல் நம்பர், ‘மேல்மரம் அசல் வெனீர்’ அல்லது ‘வெனீர் மாற்றியது’, ‘பாலிஷ் மறுபடி போட்டது’ என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் வாங்காமல் வந்து விடலாம். நீங்கள் விற்கும்போதும் அதே வரியை எழுதிக் கொடுங்கள். கழற்றிய பின்மூடி, உடைந்த குமிழ், உதிர்ந்த வெனீர்ச் சில்லு எதையும் குப்பையில் போடாமல் ஒரு கவரில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுங்கள். ஒரு நகக்கண் அளவு அசல் சில்லு இருந்தாலும் நல்ல ஆசாரி அதை அதன் இடத்தில் உட்கார வைத்து விடுவார். அது இல்லாவிட்டால் அதே மரம், அதே கோலம் தேடி அலைய வேண்டும்.